புழுவை நம்பிய செபாஸ்தியான்

செபாஸ்தியானோடு காய்கறி வாங்கப் போனால் வெறும் பையோடுதான் திரும்பி வர வேண்டும். அவன் மனைவி எஸ்தர் இதை அனுபவப்பட்டுச் சொல்லுவாள். கூடையில் மற்றவர்கள் கண்ணுக்கு வெண்டைக்காய் தெரியும். இவன் கண்ணுக்கு நீல மூடி போட்ட பாட்டில் தெரியும். பூக்கோசைப் பார்த்தால் வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பான். ஜெபம் சொல்கிறானாக்கும் என்று காய்கறிக்காரம்மா பயபக்தியோடு காத்திருப்பாள். அவன் சொல்வது மருந்துப் பேர். பூக்கோசு எந்தெந்த மருந்தைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பான். சொல்லி முடித்ததும் பசி போய்விடும்.

சும்மா வந்த பயம் இல்லை அது. கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டில் ஒரு பூச்சி மருந்துக் கடை இருக்கிறது. பத்து வருடமாக அந்தக் கடைக் கவுண்டரில் நிற்பவன் செபாஸ்தியான். முதலாளி கல்லாவோடு சரி. விவசாயிகள் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் போடுவார்கள். செபாஸ்தியான் அதைப் புரட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, "அசுவினிப் பூச்சி" என்றோ "மாவுப்பூச்சி" என்றோ தீர்ப்புச் சொல்லிப் பாட்டிலை எடுத்து வைப்பான். இதனால் சுற்றுவட்டாரத்தில் எந்த வயல் எந்த வாரம் எதைக் குடித்தது என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் இந்த மனப்பாடம் வந்திருந்தால் ப்ளஸ் டூவை ஒரே தாண்டில் தாண்டியிருப்பான்.

இத்தனை வருடம் சந்தேகப்பட்டாலும் கடைசியில் தின்றுவிடுவான். இந்த வருடம்தான் அது முடியாமல் போனது. எஸ்தருக்கு ஐந்தாம் மாதம்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு டாக்டரம்மா, "சில சமயம் காரணமே இருக்காதும்மா" என்றார். எஸ்தர் எல்கேஜி டீச்சர். காரணமே இல்லாமல் அழும் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்ப்பவள். அழுது தீர்த்துவிட்டு அதை ஏற்றுக்கொண்டாள். செபாஸ்தியானால் முடியவில்லை. பூ உதிர்வதற்கே நாலு காரணம் சொல்லி நாலு பாட்டில் எடுத்து வைப்பவன் அவன். காரணம் இல்லாமல் எப்படி உதிரும்? சாப்பாட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினான். இந்தத் தடவை எஸ்தர் வாய்க்குள் ஒரு சொட்டு மருந்து போகக்கூடாது.

அப்படித்தான் சிவசங்கர் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து தாடி வளர்த்துக் கடை போட்டவன் சிவசங்கர். 'மலைச்சாரல் இயற்கை அங்காடி' என்று போர்டு. போர்டு முழுக்கக் கல்வராயன் மலை, மேலே மேகம், கீழே ஒரு மான். எல்லாம் மூன்று மடங்கு விலை. மானுக்கும் சேர்த்துத்தான் போட்டிருப்பான்.

"இது எந்த ஊரு காய் தம்பி?" செபாஸ்தியான் ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்பைப் பார்த்தான்.

"மலைங்கண்ணா. வெள்ளிமலை பக்கம். நோ கெமிக்கல்."

"வெள்ளிமலையில யாரு?"

"நம்ம ஃபார்மர்ஸ்தான்ணா."

"அந்த ஃபார்மருக்கு அம்மா அப்பா எதுனா பேரு வச்சிருப்பாங்கல்ல?"

சிவசங்கர் சிரித்தான். பேர் சொல்லவில்லை. கத்தியை எடுத்து அந்தக் கத்திரிக்காயை இரண்டாகப் பிளந்தான். உள்ளே ஒரு புழு, தூக்கம் கலைந்த மாதிரி தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நீங்களே பாருங்கண்ணா. மருந்தடிச்சிருந்தா இவரு இங்க இருப்பாரா?"

பத்து வருடமாகப் புழுவைக் கொல்வதற்குச் சம்பளம் வாங்கியவன், முதல் தடவையாக ஒரு புழுவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். இரண்டு கிலோ போடச் சொன்னான்.

ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது அவனுக்கு. வாழைத்தண்டு, சேனைக்கிழங்கு, தேங்காய், சாமை அரிசி எல்லாம் அங்கேதான். கடைசியில் உப்பும் வந்தது.

"உப்புக்கு எந்தப் பூச்சிங்க வருது?" என்றாள் எஸ்தர்.

"ரிஸ்க் வேணாம் எஸ்தர்."

"தேங்காய்க்குள்ள எப்படி மருந்தடிப்பாங்க? ஊசி போட்டா?"

"நீ சாப்புடு. கேள்வி அப்புறம் கேளு."

எஸ்தருக்கு அந்த மாசம் பிடித்ததெல்லாம் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டாள். செபாஸ்தியானே உட்கார்ந்து காய் நறுக்குவான். சொத்தையைச் செதுக்கி எடுப்பான், புழுவை எடுத்து ஜன்னல் வழியாக மெதுவாக வெளியே விடுவான். அதற்கு ஒரு பேர் வைக்காததுதான் குறை. ஒருநாள் நறுக்கிய காயில் புழுவே இல்லை. பளபளவென்று வெள்ளையாக இருந்தது. செபாஸ்தியான் முகம் கறுத்துப் போனது. அந்தக் காயை அப்படியே குப்பையில் போட்டான்.

"நல்ல காயத் தூக்கிப் போட்டுட்டு சொத்தைய ஆக்கிக்கினு இருக்கீங்களே, கேக்கறவங்க சிரிப்பாங்க" என்றாள் எஸ்தர்.

"சிரிக்கட்டும்" என்றான் அவன்.

ஆனாலும் சந்தேகப் பிராணிக்கு நிம்மதி ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளாது. அந்த ஃபார்மர் பேர் என்ன? அது அவன் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி கிடந்து உறுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எஸ்தரை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியைக் கச்சிராயபாளையம் வழியாக மலைக்கு விட்டான். வளைவுக்கு வளைவு குரங்குகள் அவனைச் சந்தேகமாகப் பார்த்தன. அவனும் அவற்றைச் சந்தேகமாகப் பார்த்தான்.

வெள்ளிமலையில் ரோட்டோரம் ஒரு அம்மா பலாப்பழத்தையும் ஒரு மூட்டைச் சாமையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆயம்மாள் என்று பக்கத்துக் கடைக்காரர் கூப்பிட்டார்.

"யம்மா, இந்தப் பக்கம் கத்திரிக்காய் யாரு போடறாங்க?"

"கத்திரிக்காயா?" ஆயம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க யாரு போடறா? அது கீழ இருந்து வேன்ல வருது. நாங்களே காசு குடுத்து வாங்கித்தான் திங்கறோம். கத்திரிக்கா வேணும்னா கள்ளக்குறிச்சிக்குப் போ."

"நான் கள்ளக்குறிச்சியிலருந்துதான்மா வரேன்."

"அப்புறம் எதுக்கு இங்க வந்த?"

நியாயமான கேள்வி. இருந்தாலும் செபாஸ்தியான் விடவில்லை. "இந்தப் பலாவுக்கு மருந்து கிருந்து அடிப்பீங்களா?"

"மரத்து மேல ஏறிப் பலாவுக்கு மருந்தடிக்க எவனுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குது?" ஆயம்மாள் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "சாமைக்கு அடிப்பியான்னும் கேப்ப போல. வெதைச்சுட்டு வருவோம், அப்புறம் அறுக்கப் போவோம். அம்புட்டுதான்."

சாமை விலையைக் கேட்டான். சிவசங்கர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு பை சாமையும் ஒரு பலாவும் வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டு இறங்கினான். சாமை மலையில் விளைகிறது, சரி. அப்படியானால் கத்திரிக்காய் எங்கே விளைகிறது?

மறுநாள் காலை அந்தப் பதில் தானாகவே கடைக்கு நடந்து வந்தது. வந்தவர் ராஜாங்கம். தியாகதுருகம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்; கத்திரியும் மக்காச்சோளமும் போடுகிறவர். கடை ஆரம்பித்த நாளிலிருந்து வாடிக்கை.

"செபாஸ்து, அதே மருந்து குடு. இன்னும் கொஞ்சம் காட்டமா இருந்தா தேவல."

"போன வாரம்தானண்ணே வாங்கினீங்க?"

"கேக்கலய்யா. புழு உள்ள பூந்துக்கினு சொகமா உக்காந்துக்கினு இருக்குது. மேல எவ்ளோ அடிச்சாலும் அது பாட்டுக்குத் தின்னுக்கினு இருக்குது."

"அப்ப காயெல்லாம் வீணா?"

ராஜாங்கம் சத்தமாகச் சிரித்தார். "வீணா? போய்யா! சொத்தைக்குத்தான் இப்ப மவுசு. முன்ன மாட்டுக்குக் கொட்டிக்கினு இருந்தேன். இப்ப கள்ளக்குறிச்சியிலருந்து தாடி வச்ச தம்பி ஒருத்தன் வரான். சொத்தையா பாத்துப் பொறுக்கிக்கினு போறான். நல்ல காய் குடுத்தா மூஞ்சச் சுளிக்கிறான்யா! புழு இல்லன்னா வேணாங்கிறான்!"

செபாஸ்தியான் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான். போட்டு உடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தான்.

காயைத் துளைத்து உள்ளே போன புழுவை மருந்து தொடாது; மருந்து தோலில் நிற்கும், புழு உள்ளே நிற்கும். சொத்தை விழுந்த வயலில்தான் விவசாயி ஆத்திரப்பட்டு மேலும் மேலும் அடிப்பார். இதை இதே கவுண்டரில் நின்று நூறு பேருக்காவது சொல்லியிருப்பான். இன்னொருத்தன் கவுண்டருக்கு எதிரே போய் நின்றதும் சுத்தமாக மறந்துபோனான். நல்ல காயைக் குப்பையில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே அதிகம் மருந்து குடித்த காயைத் தேடித் தேடி, மூன்று மடங்கு கொடுத்து வாங்கி எஸ்தருக்குப் போட்டிருக்கிறான். அந்த மருந்தை விற்றவன் யார் என்று வேறு யோசிக்க வேண்டியிருந்தது. யோசிக்காமலே தெரிந்தது.

"அண்ணே, அந்தக் காய நீங்க திம்பீங்களா?"

ராஜாங்கம் அவனுக்குக் காய்ச்சலோ என்பது மாதிரி பார்த்தார். "நாங்க இன்னாத்துக்குத் திங்கறோம்? எங்களுக்குத்தான் வூட்டுப் பாத்தி இருக்குதே."

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செபாஸ்தியான் சிவசங்கரின் கடைக்குப் போனான். கொஞ்ச நேரம் சத்தம் போட்டான். முதலில் இல்லை என்றான் சிவசங்கர், பிறகு, "அண்ணா, சாமையும் தேனும் நெஜமாவே மலைதான். கத்திரிக்காய் மட்டும்தான்... கஸ்டமர் கேக்கறாங்க, நான் என்ன பண்றது?" என்றான். செபாஸ்தியான் கையை ஓங்கவும், "மருந்தே விக்கிற நீங்க என்னைக் கேக்க வந்துட்டீங்களா?" என்றான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அந்தத் தாடிக்குள் நாலு புழுவைப் பிடித்து விட்டுவிட்டு வந்திருக்கலாம். அதுகூடச் செய்யாமல் திரும்பி வந்தான்.

சாயங்காலம் ராஜாங்கத்தின் நிலத்துக்கு வண்டியை விட்டான். வீட்டுப் பாத்தி என்பது அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்லிக்கொள்ளாமல் வைத்திருக்கும் சங்கதி. விற்கிற வயல் வேறு, தின்கிற பாத்தி வேறு. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாலு கத்திரிச் செடி, நாலு வெண்டை, கொஞ்சம் மிளகாய், ஓரத்தில் கீரை. பார்த்தால் சோனியாகத்தான் இருக்கும். அதற்கு மருந்து அடிக்க மாட்டார்கள். புழு தின்றது போக மீதியைத் தின்பார்கள்.

ராஜாங்கம் சின்னசேலம் போயிருந்தார். அவர் மனைவி பச்சையம்மாள் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் கத்திரிக்காய் வேணும். வெல சொல்லுங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

"வூட்டுப் பாத்திக்கு ஏது தம்பி வெல? இத்த விக்க ஆரம்பிச்சா, அப்புறம் இதுவும் ஜாஸ்தி காய்க்கணும்னு தோணும். தோணுச்சின்னா இதுக்கும் உங்கிட்ட மருந்து வாங்க வந்து நிப்போம்." பச்சையம்மாள் நிமிர்ந்தார். "யாருக்குக் கேக்கற?"

"எஸ்தருக்கு. மாசமா இருக்கா."

பச்சையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிக்குப் போனார். வேறு ஒருத்தனாக இருந்தால் கைகூப்பி வாங்கிக்கொண்டு போயிருப்பான். செபாஸ்தியான் அப்படிச் செய்தால் அவன் செபாஸ்தியான் இல்லை.

"நெசமாவே அடிக்கலதானக்கா?"

"அடிக்கல."

"அந்தப் பக்கத்து வயல்ல அடிக்கறது காத்துல இங்க வராதா?"

"நடுவுல சோளம் எதுக்கு நட்டிருக்குதாம்? அழகுக்கா?"

"கொஞ்சம் நானே எலையப் பாத்துக்கறேனே..." என்று பாத்திக்குள் காலை எடுத்து வைத்தான்.

"அங்கயே நில்லு!"

மாட்டை அதட்டுகிற குரல். செபாஸ்தியான் ஒற்றைக் காலில் நின்றான்.

"உள்ள வராத. உன்மேல வர்ற மருந்து நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது. எங்க வூட்டுக்காரரையே நான் வுட மாட்டேன். மருந்தடிச்ச அன்னைக்கு மோட்டார்ல தல முழுவிட்டு, துணிய அதோ அந்த வேலிமேல போட்டுட்டு, துண்டோடதான் வூட்டுப் பக்கம் வருவாரு. அந்தத் துணிய அவரேதான் தொவைப்பாரு, நான் தொட மாட்டேன். எங்க மாமியா காலத்துலருந்து அப்படித்தான்." பச்சையம்மாள் காய்களை மடியில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஏன் தம்பி, நீ நாள் பூரா அந்தக் கடையிலயே கெடக்கற. வூட்டுக்குப் போனா இந்தச் சட்டய எங்க போடுவ?"

செபாஸ்தியான் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஆணி இருக்கிறது. அதில் மாட்டுவான். கீழே எஸ்தர் தலையணை. சனிக்கிழமை எஸ்தர் அந்தச் சட்டைகளைத் தன் புடவைகளோடு சேர்த்து ஊற வைப்பாள். சட்டைப் பையில் தூள் ஏதாவது இருந்தால் கையால் தட்டிவிட்டுத் துவைப்பாள். பாட்டில் உடைந்து முழங்கை வரை நனைந்த நாட்களும் உண்டு; அன்றைக்கு இரண்டு தடவை துவைப்பாள். ஊர்க் கத்திரிக்காயை எல்லாம் சந்தேகப்பட்டவன், தன் சட்டையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

மடிக் காயைத் தூரத்திலிருந்தே ஒரு பையில் போட்டு அவனிடம் வீசினார் பச்சையம்மாள். பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தவன் உள்ளே போகவில்லை. வாசற்படியிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். எஸ்தர் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, வெளியவே உக்காந்துட்டீங்க? உள்ள வாங்க."

"நீ தள்ளிப் போ. கிட்ட வராத."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொத்தைக் காயை, தாடியை, பாத்தியை, சட்டையை. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக் கேட்டான். "அந்த ரெண்டு தடவையும்... நான்தானா எஸ்தர்?"

எஸ்தர் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். உடனே 'இல்லை' என்றிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான்.

"எனக்கும் அப்பப்பத் தோணிக்கினுதான் இருந்துச்சு" என்றாள். "உங்ககிட்டக் கேக்க பயமா இருந்துச்சு. டாக்டரம்மாகிட்டக் கேட்டேன். சொல்ல முடியாதுன்னாங்க. ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல. ஆனா மருந்து வாடை கிட்டப் போவாத, சட்டையத் தனியாப் போடுன்னாங்க. சொன்னா நீங்க ஒடஞ்சு போயிடுவீங்கன்னு சொல்லல. மூணு மாசமா நான் கையில கவர் மாட்டிக்கினு, தனியாத்தான் தொவைக்கறேன். நீங்கதான் பாக்கல. நீங்க கத்திரிக்காயையே பாத்துக்கினு இருந்தீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். எஸ்தர் அழவில்லை. அழுவானோ என்று அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைய வுட்டுடவா?"

"வுட்டுட்டு என்ன பண்ணுவீங்க, தாடி வளப்பீங்களா? மொதல்ல குளிங்க. வேலையப் பத்தி நிதானமாப் பேசலாம்." பையை வாங்கிக்கொண்டாள். "இனிமே அந்த அங்காடிக்குப் போவாதீங்க. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. வாழைத்தண்டுக்கு மருந்து வேணும்னு உங்க கடைக்கு எவனாவது வந்திருக்கானா?"

"இல்ல."

"சேனைக்கிழங்குக்கு?"

"நான் பாத்தவரைக்கும் இல்ல."

"அப்ப அதெல்லாம் சந்தையில சாதாரணமா வாங்குங்க. பூக்கோசுக்கு?"

செபாஸ்தியான் வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தான்.

"வெண்டைக்கு? பச்ச மொளகாய்க்கு?"

"தெனம்" என்றான் மெதுவாக.

"அதுக்கு ஜாஸ்தி குடுக்கலாம், தப்பில்ல. போர்டப் பாத்து மட்டும் குடுக்க வேணாம். செடிய நம்ம கண்ணால பாக்கணும், இல்லன்னா நட்டவங்க மொகத்தையாவது பாக்கணும். ரெண்டும் இல்லன்னா கெடக்கட்டும், பலாக்காய் ஆக்கறேன்."

எஸ்தர் வாளியும் துண்டும் சோப்பும் கொண்டுவந்து பின்பக்கக் கல்லில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெயில் கத்திரிக்காய் வதங்கும் வாசனை வந்தது. செபாஸ்தியான் தலையிலிருந்து கால்வரை தேய்த்துக் குளித்தான். இடுப்பில் துண்டோடு உட்கார்ந்து சட்டையைத் துவைத்தான். வாழ்க்கையில் முதல் தடவை துவைக்கிறான். எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் பொத்தானைத் தேய்த்தான். பக்கத்து வீட்டு கமலா மாடியிலிருந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஏங்க, சோறு ஆறுது! இன்னும் என்ன பண்றீங்க?"

"தோ, வந்துட்டேன்."

பிழிந்த சட்டையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான். சோப்பு வாசனைதான் வந்தது. இன்னொரு தடவை, அக்குளில், காலரில், பைக்குள் விரலை விட்டு முகர்ந்தான். சந்தேகமாகவே இருந்தது. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து, சட்டையை மறுபடி உள்ளே போட்டான்.